கூச்சமா, நோயா? துஆவோடு மருத்துவமும் தேடுவோம்



நம் குண்டடம் பகுதியிலிருந்து திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகளில் சிலர் தொழிலில் கெட்டிக்காரர்கள். ஆனால் சூப்பர்வைசரிடம் ஒரு வார்த்தை பேசுவதென்றால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும். நாலு பேர் கூடும் நிக்காஹ் வீட்டுக்குப் போக மாட்டார்கள். ஜமாஅத்துக்கு வரவும் தயங்குவார்கள். "அவன் கூச்ச சுபாவம்" என்று நாம் விட்டுவிடுகிறோம்.

ஹயா எனும் வெட்கம் ஈமானின் ஒரு கிளை. அது நம்மைத் தீமையிலிருந்து தடுக்கும். இந்த அச்சமோ தொழுகை, சம்பாத்தியம், உறவு என நன்மைகளிலிருந்தே தடுக்கிறது. மாதக்கணக்கில் நீடித்து வாழ்க்கையை முடக்கினால், மருத்துவர்கள் இதைச் சமூகப் பதற்றக் கோளாறு என்பார்கள். இது நோய், ஈமானின் குறைவு அல்ல.

ஃபிர்அவ்னிடம் செல்லக் கட்டளை வந்தபோது, தம் நெஞ்சு நெருக்கடிக்குள்ளாவதையும் நாவு ஓடாததையும் மூஸா (அலை) அவர்கள் ரப்பிடம் மறைக்கவில்லை (26:13). உள்ளத்தை விரிவாக்கவும் நாவின் முடிச்சை அவிழ்க்கவும் துஆ செய்தார்கள். அதோடு சகோதரர் ஹாரூனைத் துணைக்கும் கேட்டார்கள் (20:25-32). அல்லாஹ் கடிந்துகொள்ளவில்லை, கேட்டதைக் கொடுத்தான் (20:36).

மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவியதை உஸாமா பின் ஷரீக் (ரலி) அறிவிக்கிறார்கள் (அபூதாவூத்). மனநோய்க்கு மட்டும் தாயத்தும் மந்திரிப்பும் போதும் என்பது சரியா? மருத்துவத்தை ஒதுக்கியதன் விலையை நம் மாநிலம் கண்டிருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பற்றியபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் உயிரிழந்தார்கள். பின்னாளில் அந்தத் தர்காவுக்கு வருவோருக்கு அங்கேயே மனநல மருத்துவர் பார்க்க அரசு ஏற்பாடு செய்தது.

சகோதரர்களே! இந்த அச்சத்திற்குச் சிகிச்சை உண்டு. "எல்லோரும் என்னையே பார்த்துச் சிரிக்கிறார்கள்" என்ற எண்ணம் உண்மையா என்று சோதித்துப் பார்க்கவும், அஞ்சும் இடங்களைப் படிப்படியாகச் சந்திக்கவும் உளவியலாளர்கள் பழக்குவார்கள். தேவைப்பட்டால் மனநல மருத்துவர் மாத்திரை தருவார். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். அவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. வெளியே தெரிந்தால் சம்பந்தம் தட்டிப்போகுமே என்று பயப்படுகிறீர்களா? சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைக்கும் உரிமையை 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் தந்திருக்கிறது.

மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். ஆனால் இந்த நோய் உள்ளவருக்கு போன் செய்வதே மலையாகத் தெரியும். எனவே அவரைக் கேலி செய்யாதீர்கள். "தைரியமாப் பேசுடா" என்று அதட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து எண்ணைப் போட்டுக் கொடுங்கள். மருத்துவமனைக்குக் கூடவே போங்கள். மூஸா நபிக்கு ஹாரூன் நபி இருந்ததுபோல, அவருக்கு நீங்கள் இருங்கள்.

கவலையிலிருந்தும் துயரத்திலிருந்தும் அல்லாஹ் நம்மையும் நம் பிள்ளைகளையும் காப்பானாக! ஆமீன்.