கெட்டிச் சாயம்

கர்த்தருக்குள் அன்பான பேத்திக்கு,

உன் கடிதம் கிடைத்தது. திடப்படுத்தல் ஆராதனைக்கு ஒரு மாதமே இருக்கையில், "கைக்குழந்தையாயிருந்த என்னைக் கேளாமல் கொடுத்த ஞானஸ்நானத்துக்கு நான் எவ்வாறு பொறுப்பாவேன்? நம் காஞ்சியில் திருக்குளங்களில் முழுகி எழுகிறவர்களின் ஸ்நானத்துக்கும் அதற்கும் என்ன பேதம்?" என்று கேட்டிருக்கிறாய். கேளாமல் தலையசைப்பதைவிடக் கேட்டுத் தெளிவது நன்று.

நீர் புறத்தைத் தூய்மை செய்வதுபோல அகமும் தூய்மையாக வேண்டும் என்ற ஆசை மனித குலம் முழுமைக்கும் பொதுவானது. அந்த ஆசையோடு குளத்தில் இறங்குகிறவர்களை நாம் மதிக்கவே வேண்டும். ஆயினும், அந்த ஸ்நானம் வேண்டும்போதெல்லாம் திரும்பச் செய்யப்படுவது. ஞானஸ்நானமோ வாழ்நாளில் ஒரே முறை பெறுவது. பவுல் அப்போஸ்தலர் ரோமருக்கு எழுதிய நிருபத்தில் அதைக் கிறிஸ்துவோடு மரித்து, அடக்கமாகி, அவரோடு புதிய ஜீவனுக்கு எழும்புவதாக விளக்குகிறார். பிறப்பு இருமுறை நிகழாததுபோல அதுவும் இருமுறை நிகழ்வதில்லை.

ஞானஸ்நானத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லுக்கு மூலமான வினை 'பாப்டோ' என்பது. நீரில் அமிழ்த்துவதையும் சாயமேற்றுவதையும் அது ஒருங்கே குறிக்கும். நாமும் 'சாயம் தோய்ப்பது' என்றுதானே சொல்கிறோம்?

சிறுமியாயிருந்தபோது உன்னைப் பிள்ளையார்பாளையத்துச் சாயப் பட்டறைக்கு அழைத்துச் சென்றேனே, நினைவிருக்கிறதா? மங்கிய நிறத்தில் விறைப்பாகக் கிடந்த கச்சாப் பட்டுச் சிட்டங்களைச் சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் இட்டார்கள். இயற்கையாக அதைப் பற்றியிருந்த பசை கரைய, ஏறக்குறைய கால்பங்கு எடையை இழந்து, அந்த நூல் மென்மையும் பளபளப்பும் பெற்று வெளிவந்தது. அதன்பிறகே அதைக் கழியில் மாட்டிச் சாயத்தில் திருப்பித் திருப்பித் தோய்த்தார்கள். போனது பசை; நூல் போகவில்லை.

ஞானஸ்நானமும் அத்தகையதே. காரையிருப்பில் 1827-ல் வைணவக் குடும்பத்தில் பிறந்து, 1858-ல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்ற எச். ஏ. கிருஷ்ண பிள்ளை, தாம் கற்ற கம்பனையும் தம் செந்தமிழையும் அந்த நீரில் இழந்துவிடவில்லை. அந்த இழைகளைக் கொண்டே இரட்சணிய யாத்திரிகம் என்னும் பெருங்காப்பியத்தை நெய்தார். அது நூலாக வெளிவந்தது 1894-ல். தோய்த்தது ஒரு நாள். நெய்ததோ பல ஆண்டுகள்.

சாயம் கெட்டியா என்பது வெயிலிலும் நீரிலும்தான் தெரியும். திருவிதாங்கூர் அரசுப் பணியிலிருந்த நீலகண்ட பிள்ளை 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். சிறையும் சித்திரவதையும் அனுபவித்தும் விசுவாசத்தை விடாமல் 1752-ல் ஆரல்வாய்மொழியருகே சுடப்பட்டு மாண்டார். அவரைக் கத்தோலிக்கத் திருச்சபை 2022-ல் புனிதராக அறிவித்தது.

இனி உன் முதற் கேள்விக்கு வருகிறேன். உன் பெயரையும் தாய்மொழியையும் உன்னைக் கேட்டா கொடுத்தோம்? நீ எதுவும் செய்யத் தகுதி பெறுமுன்னமே தேவன் உன்னை நேசித்தார் என்பதைத்தான் அன்று உன் நெற்றியில் விழுந்த நீர் அறிவித்தது. அதற்கு உன் வாயால் மறுமொழி சொல்லும் நாளே திடப்படுத்தல். தோய்த்த நூலைப் பெட்டியில் பூட்டி வைத்தால் அது ஒருநாளும் சேலையாகாது. நாள்தோறும் தறியில் ஓட வேண்டும். மன்னிப்பதிலும், உண்மை பேசுவதிலும், ஏழைக்கு இரங்குவதிலும் அந்த நிறம் வெளிப்பட வேண்டும்.

ஆகையால், பேராயர் உன் தலைமேல் கை வைக்குமுன், ரோமர் நிருபத்தின் ஆறாம் அதிகாரத்தைத் தனித்திருந்து நிதானமாக வாசித்து, அதன்பின் மனதாரச் சம்மதம் சொல், கண்ணே.

இப்படிக்கு,
உன் அன்புள்ள தாத்தா
காஞ்சிபுரம்