வாக் அவுட்: கோபமா, வெறும் நடையா?

சட்டமன்றச் செய்தி படிக்கிற எவருக்கும் 'வாக் அவுட்' தெரியும். எதிர்க்கட்சி உறுப்பினர்கள் கோஷம் போட்டபடி வெளிநடப்புச் செய்வது. அந்த ஒரே பொருளை மனதில் வைத்துக்கொண்டு ஆங்கிலம் பேசப் போகும்போதுதான் சிக்கல். இந்த ஃபிரேசல் வெர்புக்குப் பல பொருள் உண்டு. அவற்றைப் பட்டியலாக மனப்பாடம் செய்ய வேண்டாம். 'அவுட்'டுக்கு அடுத்து என்ன சொல் வருகிறது என்று பார்த்தால் போதும், முக்கால்வாசி விளங்கிவிடும்.

முதலில், அடுத்து எந்தச் சொல்லும் இல்லாத வாக்கியம். 'த வொர்க்கர்ஸ் வாக்ட் அவுட்' என்றால் தொழிலாளர்கள் வேலையைப் போட்டுவிட்டு வெளியேறிப் போராடினார்கள். 2018 நவம்பர் 1 அன்று உலகெங்கும் சுமார் 20,000 கூகுள் ஊழியர்கள் அப்படித்தான் வெளியே வந்தார்கள். பாலியல் தொல்லைப் புகார்களை நிறுவனம் கையாண்ட விதம் அவர்களைக் கொதிக்க வைத்தது. அது ராஜினாமா அல்ல என்பதைக் கவனியுங்கள். எதிர்ப்பைக் காட்டிவிட்டு வேலைக்குத் திரும்பினார்கள். 1950 ஜனவரியில் ஐ.நா. பாதுகாப்பு அவையிலிருந்து வெளிநடப்புச் செய்த சோவியத் பிரதிநிதி யாக்கோவ் மாலிக்கும் ஆகஸ்டில் திரும்பி வந்தார். வேலையை விட்டே நின்றுவிட்டதைச் சொல்ல 'க்விட்' அல்லது 'ரிசைன்ட்' போடுங்கள்.

அடுத்தது 'ஆஃப்'. நம்மவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். 'வாக்ட் அவுட் ஃப்ரம் த மீட்டிங்' என்று எழுதாதீர்கள். 'வாக்ட் அவுட் ஆஃப் த மீட்டிங்' என்பதே வழக்கு. 'ஆஃப்'க்குப் பின்னால் வருவது இடமா, நிகழ்ச்சியா என்றும் பாருங்கள். 'ஷி வாக்ட் அவுட் ஆஃப் த பேங்க்' என்றால் வங்கியிலிருந்து வெளியே வந்தாள், அவ்வளவுதான். மீட்டிங், சினிமா, பேச்சுவார்த்தை என்று நிகழ்ச்சி வந்தால், பிடிக்காமல் பாதியிலேயே எழுந்து போனதாகிவிடும். பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்துவரக் கூட்டத்திலிருந்து சீக்கிரம் கிளம்பினீர்களா? மறுநாள் மேலாளரிடம் 'ஐ வாக்ட் அவுட் ஆஃப் த மீட்டிங்' என்று சொன்னால், சண்டை போட்டுவிட்டுப் போனதாகவே அவர் எடுத்துக்கொள்வார். 'ஐ ஹேட் டு லீவ் எர்லி' என்று சொல்லுங்கள்.

'ஆன்' வந்தால் விஷயம் கனமானது. அதன் பின்னால் பெரும்பாலும் ஓர் ஆள் இருப்பார், நம்பியிருந்தவர். 'ஹி வாக்ட் அவுட் ஆன் ஹிஸ் ஃபேமிலி' என்றால் குடும்பத்தை நட்டாற்றில் விட்டுவிட்டுப் போய்விட்டான். 1879இல் வெளிவந்த இப்சனின் 'எ டால்ஸ் ஹவுஸ்' நாடகத்தின் முடிவில் நோரா கணவனையும் குழந்தைகளையும் விட்டு வெளியேறுவதை ஆங்கிலத்தில் இப்படித்தான் சொல்வார்கள். மனைவி கோபித்துக்கொண்டு இரண்டு நாள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தால் இதைச் சொல்லிவிடாதீர்கள்.

கிரிக்கெட் வர்ணனையில் கேட்கும் 'வாக்ஸ் அவுட் டு பேட்' என்பதில் கோபமே கிடையாது. மட்டையோடு களமிறங்குகிறார், அவ்வளவே. கோபத்தில் மைதானத்தை விட்டுப் போவதற்கு 'வாக் ஆஃப்'. அதாவது 'அவுட்' போய் வேறு சொல் வந்துவிடுகிறது. 1981 பிப்ரவரியில் மெல்போர்னில் இரண்டுமே நடந்தன. கவாஸ்கரும் சேத்தன் சௌஹானும் தொடக்க ஆட்டக்காரர்களாகக் களமிறங்கினார்கள், 'வாக்ட் அவுட்'. டெனிஸ் லில்லியின் பந்தில் எல்.பி.டபிள்யூ. கொடுக்கப்பட்டதும், பந்து மட்டையில் பட்டதென்று கொதித்த கவாஸ்கர் சௌஹானையும் கூட்டிக்கொண்டு வெளியேறப் பார்த்தார், 'வாக் ஆஃப்'. எல்லைக்கோட்டருகே அணி மேலாளர் சௌஹானைத் திருப்பி அனுப்பியதால் ஆட்டம் தொடர்ந்தது; அந்த டெஸ்டை இந்தியா 59 ரன்னில் வென்றது. வெறும் 'வாக்' என்றால் இன்னொன்று: நடுவர் விரலை உயர்த்தாமலேயே, தான் அவுட் என்று ஒத்துக்கொண்டு கிளம்புவது. 2003 உலகக்கோப்பை அரையிறுதியில் இலங்கைக்கு எதிராக ஆஸ்திரேலியாவின் கில்கிறிஸ்ட் அப்படிப் போனார்.

'வித்' வரும் வாக்கியம் பழைய ஆங்கில நாவல்களில் தட்டுப்படும். 'ஷி இஸ் வாக்கிங் அவுட் வித் எ சோல்ஜர்' என்றால் அந்தப் பெண் ஒரு சிப்பாயைக் காதலித்துப் பழகுகிறாள். இன்று யாரும் அப்படிப் பேசுவதில்லை, படிக்கும்போது புரிந்தால் போதும்.

எழுதும்போது ஒரு கவனம்: வினையாக வந்தால் 'வாக்', 'அவுட்' இரண்டையும் பிரித்து எழுத வேண்டும், வெளிநடப்பு என்ற பெயர்ச்சொல்லாக வந்தால் சேர்த்து ஒரே சொல்லாக. உச்சரிப்பில் 'எல்' ஒலிக்காது. 'வால்க்' என்று சொல்லக் கூடாது. இறந்தகாலம் 'வாக்ட்', 'வாக்கெட்' அல்ல.

கடைசியாக, 'வாக்', 'அவுட்' இரண்டுக்கும் நடுவே ஆள் வந்து உட்கார்ந்தால் பொருள் நேர்மாறாகிவிடும், அதில் அன்பு இருக்கும். வீட்டுக்கு வந்தவர் விடைபெறும்போது 'இருங்க, வாசல் வரைக்கும் வர்றேன்' என்கிறோமே, அதற்கு ஆங்கிலம் 'ஐ'ல் வாக் யூ அவுட்'. அலுவலகத்துக்கு வரும் விருந்தினரிடமும் இதையே சொல்லலாம். சொல்லிவிட்டு லிஃப்ட் வரையிலாவது கூடப் போங்கள்.