தங்கவயல் வீட்டுக்கு எந்த நெட், எந்த ரவுட்டர்?

நெட் விட்டு விட்டு வருகிறது என்றால் கோலார் தங்கவயலில் பலரும் எடுக்கும் முடிவு ஒன்றுதான்: கம்பெனியை மாற்றுவது. பக்கத்து வீட்டில் எது நன்றாக ஓடுகிறதோ அதையே தங்கள் வீட்டுக்கும் இழுத்துக்கொள்கிறார்கள். கொஞ்ச நாளில் பழைய தொல்லை திரும்பி வருகிறது. பல வீடுகளில் கோளாறு கம்பெனியின் கம்பியில் இருப்பதில்லை. வீட்டுச் சுவரில் இருக்கும், பீரோவுக்குப் பின்னால் போய்விட்ட ரவுட்டரில் இருக்கும், அடிக்கடி போகும் கரண்டில் இருக்கும். எதை வாங்கலாம் என்று கேட்பதற்கு முன்னால் எது கெட்டிருக்கிறது என்று கண்டுபிடித்துவிட வேண்டும். அதற்கு அரைமணி நேரம் போதும், காசும் வேண்டாம்.

இந்த ஊரில் நெட் என்பது சினிமா பார்க்க மட்டும் அல்ல. பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி மூடப்பட்ட பிறகு, மாரிக்குப்பத்திலோ கோரமண்டலிலோ ரயிலேறி, பங்காருபேட்டை வழியாக பெங்களூருக்குப் போய் வேலை பார்த்துத் திரும்புவதே எத்தனையோ குடும்பங்களின் பிழைப்பாகிவிட்டது. ஏறத்தாழ 100 கிலோமீட்டர், தினமும் இரு வழியும். வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று ஆபீஸில் சொன்னால் அந்த இரண்டு நாளும் உடம்புக்குக் கிடைத்த ஓய்வு. மீட்டிங்கின் நடுவில் நெட் அறுந்துகொண்டே இருந்தால் அந்தச் சலுகை நீடிக்காது. அதனால் இதை அக்கறையாகவே பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

கோளாறு எந்தப் பக்கம்?

முதலில் ஃபைபர் பெட்டியின் விளக்குகளைப் பாருங்கள். 'எல்ஓஎஸ்' என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரிந்தால் வெளிக் கம்பியிலிருந்து ஒளி வரவில்லை. கம்பி அறுந்திருக்கும், அல்லது வீட்டுக்குள்ளேயே எங்காவது மடங்கி நசுங்கியிருக்கும். ஃபைபரைக் கயிறு மாதிரி முடிச்சுப் போடக்கூடாது, கதவிடுக்கில் விடக்கூடாது. தட்டையாக மடித்தால் உள்ளே இருக்கும் கண்ணாடி இழையிலிருந்து ஒளி கசிந்துவிடும், உடைந்தும் போகும். 'பான்' விளக்கு நிற்காமல் மின்னிக்கொண்டே இருந்தால் பெட்டி ஆபரேட்டரின் கருவியோடு இன்னும் சேரவில்லை. இந்த இரண்டுக்கும் ரவுட்டரை அணைத்து அணைத்துப் போட்டுப் பயனில்லை, கேபிள்காரரைத்தான் கூப்பிட வேண்டும். வருபவரிடம் 'பவர் எவ்வளவு காட்டுகிறது' என்று கேளுங்கள். மைனஸ் 15-லிருந்து மைனஸ் 25 டிபிஎம்வரை இருந்தால் கவலையில்லை. மைனஸ் 27-ஐத் தாண்டினால் மழைக்கும் காற்றுக்கும் இணைப்பு அறுந்துகொண்டேதான் இருக்கும். மூன்று டிபி குறைந்தால் ஒளி பாதியாகிவிட்டது என்று கணக்கு. 'லைன் வருது சார்' என்ற பதிலோடு விட்டுவிடாமல் இந்த எண்ணைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

விளக்குகள் சரியாக இருந்தும் நெட் மந்தமாக இருந்தால் அடுத்த சோதனை. லேப்டாப்பை லேன் கம்பியால் நேரே பெட்டியில் மாட்டி வேகம் பாருங்கள். கம்பியில் முழு வேகமும் வைஃபையில் பாதியும் வந்தால் குற்றம் கம்பெனியுடையது அல்ல. இன்னும் துல்லியமாகத் தெரிய வேண்டுமானால் 'பிங்' கட்டளை இருக்கிறது, போனுக்கும் இலவசச் செயலிகள் கிடைக்கின்றன. வைஃபையில் இருந்தபடி ரவுட்டரின் சொந்த முகவரிக்கு (பெரும்பாலும் 192.168.1.1) ஒரு பிங், வெளியே 8.8.8.8-க்கு ஒரு பிங், இரண்டையும் சில நிமிடம் ஓடவிடுங்கள். ரவுட்டரிடமிருந்தே பதில் தாறுமாறாக வந்தால் வைஃபை கெட்டிருக்கிறது. ரவுட்டர் சீராகப் பதில் சொல்லி, வெளியிலிருந்து மட்டும் விட்டுவிட்டு வந்தால் லைன். இரண்டும் சீராக இருந்தும் இணையதளங்கள் திறக்கவில்லை என்றால், தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸில் கோளாறு. ரவுட்டர் அமைப்பில் டிஎன்எஸ் இடத்தில் 8.8.8.8 அல்லது 1.1.1.1 போட்டாலே பல சமயம் சரியாகிவிடும்.

இந்தச் சோதனையை மாலை ஏழு மணிக்கு ஒரு முறையும் விடியற்காலையில் ஒரு முறையும் செய்யுங்கள். காலையில் நன்றாகவும் மாலையில் மோசமாகவும் இருந்தால், தெருவே நெட் பார்க்கும் நேரத்துக்குப் போதுமான கொள்ளளவை ஆபரேட்டர் வாங்கி வைக்கவில்லை என்று சந்தேகிக்கலாம். கம்பெனியை மாற்றுவதற்கு நியாயமான காரணம் இதுதான்.

எந்த இணைப்பு?

வீடுவரை ஃபைபர் கிடைக்குமானால் அதுவே முதல் தேர்வு. எந்தப் பெயரில் வருகிறது என்பது இரண்டாம் பட்சம். பி.எஸ்.என்.எல். ஃபைபரைக்கூடப் பல ஊர்களில் உள்ளூர்க் கூட்டாளிகள்தான் இழுத்துப் பராமரிக்கிறார்கள். தனியார் கம்பெனிகளிலும் கடைசிக் கம்பத்திலிருந்து வீட்டுக்கு வருபவர் ஏதோ ஒரு கேபிள்காரர்தான். ஆகவே ராபர்ட்சன்பேட்டையில் ஒரு கம்பெனி நன்றாக இருக்கிறது என்பதற்காக சாம்பியன் ரீஃபிலும் நன்றாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். உங்கள் தெருவிலேயே மூன்று வீட்டில் கேளுங்கள். வேகத்தைக் கேட்காதீர்கள், 'போன மழையில் கம்பி அறுந்தபோது ஒட்டவைக்க எத்தனை நாள் ஆனது?' என்று கேளுங்கள்.

பழைய செம்புக் கம்பித் தொலைபேசியில் வரும் பிராட்பேண்டை இன்னும் வைத்திருப்பவர்கள் அதை விட்டுவிடலாம் என்பது என் கருத்து. எக்ஸ்சேஞ்சிலிருந்து தூரம் கூடக் கூட அதன் வேகம் சரியும், இணைப்புகளில் ஈரம் ஏறினால் மழைக்காலம் முழுக்க இரைச்சல்தான். இடி இறங்கினால் செம்பு அந்த அதிர்ச்சியை மோடம்வரை கொண்டுவந்துவிடும். ஏப்ரல், மே மாதங்களில் இந்த மேட்டுநிலத்தில் இடிமழை வழக்கம்.

ஃபைபர் எட்டாத இடங்களுக்கும், அடிக்கடி வீடு மாறும் வாடகைக் குடித்தனங்களுக்கும் 5ஜி வழியாக வரும் ஏர்ஃபைபர் இருக்கிறது. ஜியோவும் ஏர்டெல்லும் 2023-இல் தொடங்கியவை. மொட்டை மாடியிலோ சுவரிலோ ஒரு கருவியை மாட்டி, டவரிலிருந்து சிக்னல் பிடித்து, உள்ளே ரவுட்டருக்கு இறக்குகிறார்கள். இதில் இரண்டு விஷயத்தை யோசிக்க வேண்டும். இந்தியாவில் 5ஜி பெரும்பாலும் ஓடும் 3,300 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை மேட்டையும் மண்ணையும் தாண்டி வருவதில் பலவீனமானது, தங்கவயலோ மேடு பள்ளமான ஊர். டவருக்கும் உங்கள் வீட்டுக்கும் நடுவில் சுரங்கக் கழிவு குவிந்த சயனைட் மேடு ஒன்று நின்றால் என்ன கிடைக்கும் என்று விளம்பரம் சொல்லாது. இன்னொன்று, தெருவிலுள்ள போன்கள் எல்லாம் பங்குபோடும் அதே டவர்தான் உங்களுக்கும். அதனால் பணம் கட்டுவதற்கு முன் அதே கம்பெனி சிம் உள்ள 5ஜி போனை வாங்கிக்கொண்டு, இரவு ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வெளியே, கருவி மாட்டும் உயரத்தில் நின்று வேகம் பாருங்கள். மாத டேட்டா வரம்பு எவ்வளவு, அது தீர்ந்தால் வேகம் எதுவரை இறங்கும் என்பதையும் கேட்டுவிடுங்கள்.

வேகத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அரசு 2023-இல்தான் பிராட்பேண்டின் குறைந்தபட்ச வேகத்தை 512 கேபிபிஎஸ்-லிருந்து 2 எம்பிபிஎஸ் ஆக உயர்த்தியது. ஒரு வீடியோ மீட்டிங்குக்கு மூன்று நான்கு எம்பிபிஎஸ் போதும். நால்வர் உள்ள வீட்டுக்கு 40, 50 எம்பிபிஎஸ் தாராளம். 300-க்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தை நல்ல ரவுட்டருக்கும் ஒரு சிறு யுபிஎஸ்ஸுக்கும் கொடுங்கள்.

உங்கள் வீடு எப்படிப்பட்டது?

தங்கவயலில் ரவுட்டரை முடிவு செய்வது வீடுதான். சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய லைன் வீடுகளை எடுத்துக்கொள்வோம். ஒரு அறை, ஒரு சமையலிடம், இரண்டு பக்கமும் அடுத்த வீட்டோடு ஒட்டிய சுவர், மேலே தகரமோ ஓடோ. இந்த அளவு வீட்டுக்கு நான்கு ஆன்டெனா வைத்த விலையுயர்ந்த ரவுட்டர் எதற்கும் உதவாது. இங்கே சிக்னல் குறைவு என்ற பிரச்சினையே இல்லை, சிக்னல் நெரிசல்தான் பிரச்சினை. வரிசையில் உள்ள வீடுகளெல்லாம் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றின் மேல் ஒன்று பேசுகின்றன. அந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றுதான். பல ரவுட்டர்கள் தாமாகவே 40 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை எடுத்துக்கொண்டு நெரிசலை இன்னும் கூட்டுகின்றன. அகலத்தை 20 என்று குறையுங்கள், அந்த மூன்றில் காலியாக இருக்கும் சேனலை வையுங்கள்.

அதைவிட நல்ல வழி 5 கிகாஹெர்ட்ஸ். சுவரைத் தாண்டாது என்று பலர் அதை ஒதுக்குகிறார்கள். லைன் வீட்டில் அந்தக் குறையே வரம், ஏனென்றால் பக்கத்து வீட்டு 5 கிகாஹெர்ட்ஸும் சுவரைத் தாண்டி உங்களிடம் வராது. இந்த ஊர் மண்ணுக்கு இது பழக்கமான தத்துவம். வானத்திலிருந்து வரும் மற்றத் துகள்களின் தொந்தரவைப் பாறை தடுத்துவிடும் என்பதற்காகத்தான் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே கருவிகளை வைத்து, 1965-இல் வளிமண்டல நியூட்ரினோவைப் பதிவு செய்தார்கள். ஆகவே லைன் வீட்டுக்கு இரண்டு அலைவரிசையும் உள்ள சாதாரண ரவுட்டர் போதும். ஃபைபர் பெட்டியிலேயே 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை இருந்தால் தனி ரவுட்டர்கூட வேண்டாம். வைக்கும் இடம்தான் முக்கியம்: பரண் மேல் தகரத்துக்கு அடியில் வேண்டாம், வெயில் காலத்தில் சூட்டிலேயே அது திணறும். இரும்பு பீரோவுக்கும் டிவிக்கும் பின்னாலும் வேண்டாம். நெஞ்சு உயரத்தில், திறந்த சுவரில் மாட்டுங்கள்.

பழைய பங்களாக்களில் நிலைமை தலைகீழ். தடித்த சுவர், பெரிய கூடம், நீண்ட வராந்தா. எவ்வளவு பெரிய ரவுட்டர் வாங்கினாலும் மூன்றாவது சுவரில் சிக்னல் செத்துவிடும். கடைக்காரர் உடனே ரிப்பீட்டர் எடுத்துக் கொடுப்பார். ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் வேகத்தை ஏறத்தாழ பாதியாக்கிவிடும், அதுவும் சிக்னல் ஏற்கெனவே செத்த இடத்தில் வைத்தால் ஒன்றும் கிடைக்காது. சுவரோரமாக ஒரு லேன் கம்பி இழுத்து, மறுமுனையில் இரண்டாவது ரவுட்டரை ஆக்சஸ் பாயின்டாக வைப்பதே சரி. பழைய ரவுட்டர் இருந்தால் அதுவே போதும். ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை மாடி வீடுகளுக்கும் இதே யோசனைதான்: கான்கிரீட் தளத்தைத் தாண்ட மாடிக்கு ஒரு கம்பி. எட்டு இழையும் சேர்த்து முடிந்த 'கேட் 5இ' கம்பியாக வாங்குங்கள். நான்கு இழை மட்டும் சேர்ந்திருந்தால் 100 எம்பிபிஎஸ்-க்கு மேல் போகாது. மலிவு ரவுட்டர்களின் துளைகளும் அந்த 100-லேயே நின்றுவிடும்.

இரண்டாவது ரவுட்டரை மாட்டும்போது பலரும் சிக்கும் இடம் ஒன்று உண்டு. பழைய பெட்டியும் புதியதும் 192.168.1.1 என்ற ஒரே முகவரியில், இரண்டும் வீட்டுக் கருவிகளுக்கு முகவரி கொடுத்துக்கொண்டிருந்தால் நெட் வரும், போகும், காரணம் தெரியாது. புதியதை 'ஆக்சஸ் பாயின்ட்' முறைக்கு மாற்றுங்கள். அந்த வசதி இல்லாவிட்டால் அதன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றி, முகவரி கொடுக்கும் டிஹெச்சிபி-யை அணைத்து, கம்பியை 'வேன்' துளையில் இல்லாமல் 'லேன்' துளையில் செருகுங்கள். அமைப்புப் பக்கத்தின் கடவுச்சொல்லை 'அட்மின்' என்றே விட்டுவிடாதீர்கள். பாதுகாப்புக்கு டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3.

கரண்ட் போனால்?

சிவனசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து 1902-இலேயே மின்சாரம் வந்த ஊர் இது. பெங்களூருக்கு 1905-இல்தான் வந்தது. இப்போது வீட்டில் இருந்து வேலை பார்ப்பவருக்குப் பத்து நிமிட மின்தடைகூட ஒரு மீட்டிங்கைக் கெடுக்கும். 12 வோல்ட் சிறு யுபிஎஸ் வாங்குங்கள். வாங்குவதற்கு முன் பெட்டியின் அடியில் எழுதியிருக்கும் வோல்ட்டையும் ஆம்பியரையும் பாருங்கள், சில ரவுட்டர்கள் 9 வோல்ட். பெட்டி, ரவுட்டர் இரண்டையும் ஒன்றில் மாட்டினால் இரண்டின் ஆம்பியரையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஆனால் ஆபரேட்டரிடம் ஒரு கேள்வி கேட்காமல் யுபிஎஸ் வாங்க வேண்டாம்: 'உங்கள் ஆபீசுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் கரண்டில் ஓடும் பெட்டி ஏதாவது இருக்கிறதா?' ஜிபான் வகை ஃபைபரில் நடுவில் இருப்பது ஒளியைப் பிரிக்கும் வெறும் கண்ணாடிப் பிரிப்பான், அதற்கு மின்சாரம் தேவையில்லை. ஆபரேட்டர் ஆபீஸில் பேட்டரி இருந்து, உங்கள் வீட்டில் யுபிஎஸ் இருந்தால் தெருவே இருண்டாலும் நெட் ஓடும். கம்பத்திலோ யாரோ ஒருவர் வீட்டு மாடியிலோ ஸ்விட்ச் வைத்து லேன் கம்பி இழுத்துத் தருபவராக இருந்தால், அந்த ஸ்விட்ச் அணைந்ததும் உங்கள் யுபிஎஸ்ஸுக்கு வேலையில்லை. விலை ஐம்பது ரூபாய் குறைவு என்பதற்காக இரண்டாவதைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

பிள்ளைகள் பெங்களூரிலும் அம்மா அப்பா மட்டும் இங்கேயுமாக இருக்கும் வீடுகள் நிறைய. அவர்களுக்குத் தேர்ந்தெடுக்கும்போது பெட்டிகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள்: வைஃபையும் சேர்ந்த ஒரே ஃபைபர் பெட்டி, ஒரே அடாப்டர், ஒரே ஸ்விட்ச். அடாப்டரில் வண்ண டேப் ஒட்டி, 'அம்மா, சிவப்பு விளக்கு எரிந்தால் எதையும் கழற்ற வேண்டாம், இந்த நம்பருக்குப் போன் பண்ணுங்கள்' என்று சொல்லி வையுங்கள். பெட்டியின் மேல் ஒரு தாளில் வாடிக்கையாளர் எண், லாகின் பெயர், கேபிள்காரர் நம்பர் மூன்றையும் எழுதி ஒட்டுங்கள். பெட்டியில் குச்சியால் அழுத்தும் சின்ன 'ரீசெட்' துளை இருக்கும். லாகின் பெயர் கைவசம் இல்லாமல் அதை அழுத்திவிட்டால் ஆபரேட்டர் வரும்வரை நெட் கிடையாது.

புகார் கொடுத்தால் புகார் எண்ணை வாங்காமல் போனை வைக்காதீர்கள். குறித்த காலத்தில் சரியாகாவிட்டால் அந்த எண்ணை வைத்து, அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் இலவசமாக முறையிடலாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012-ஆம் ஆண்டு விதிகள் ஒவ்வொரு கம்பெனியும் அப்படி ஓர் ஏற்பாட்டை வைத்திருக்க வேண்டும் என்கின்றன. பிங் முடிவுகளையும் டிபிஎம் எண்ணையும் தேதியோடு சேர்த்து எழுதிக் கொடுங்கள்.