இலக்கமுறைத் தரைவழித் தொலைக்காட்சி: மலையகத்திலிருந்து ஒரு விளக்கம்



"தொலைக்காட்சி ஒளிபரப்பு ஒப்புமை முறையிலிருந்து இலக்கமுறைக்கு மாறுவதன் நன்மைகளை விளக்குக" என்று வினா வந்தால், உங்களில் பலர் 'படம் தெளிவாக இருக்கும், ஒலி நன்றாக இருக்கும், அலைவரிசைகள் கூடும்' என்று மூன்று வரி எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுகிறீர்கள். எழுதியது பிழையல்ல. ஆனால் 'விளக்குக' என்று கேட்டால் காரணமும் எழுத வேண்டும். அந்தக் காரணங்களை உங்கள் லயத்துக் கூரையில் கட்டிய அன்டெனாவைப் பார்த்தே விளங்கிக்கொள்ளலாம்.

முதலில் 'தரைவழி' என்ற சொல். மலை உச்சியிலோ கோபுரத்திலோ உள்ள பரப்பியிலிருந்து புறப்படும் அலை, நேரே வீட்டு அன்டெனாவுக்கு வந்து சேர்வதே தரைவழி ஒளிபரப்பு. தோட்டங்களில் இன்று பரவலாகக் காணும் டிஷ் இதில் சேராது. டிஷ் செய்மதியிலிருந்து சைகையைப் பெறுகிறது; அது ஏற்கெனவே இலக்கமுறைதான். "எங்கள் வீட்டில் டிஷ் இருக்கிறது, ஆகவே மாற்றம் முடிந்துவிட்டது" என்று எழுதினால் புள்ளி போய்விடும். டிஷ்ஷுக்குப் பெரும்பாலும் மாதாமாதம் பணம் கட்ட வேண்டும். தரைவழி ஒளிபரப்பை அன்டெனா இருந்தால் இலவசமாகப் பார்க்கலாம். நாட்சம்பள வீட்டுக்கு இந்த வேறுபாடு சிறியதல்ல.

இலங்கையில் முதல் தொலைக்காட்சிச் சேவையான ஐ.ரி.என். 1979 ஏப்ரல் 13 இல் தொடங்கியது. ஜப்பானின் உதவியுடன் அமைந்த ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15 இல் ஒளிபரப்பை ஆரம்பித்தது. அதன் பிரதான பரப்பி நுவரெலியாவில், 2524 மீற்றர் உயரமான பீதுருதாலகால மலையில் நிறுவப்பட்டது. நாட்டின் மிக உயர்ந்த மலை நம் பக்கத்தில் இருக்க, நமக்குத்தான் படம் மிகத் தெளிவாக விழ வேண்டும் அல்லவா? அப்படி நடப்பதில்லை. இந்த அலைகள் ஏறத்தாழ நேர்கோட்டில் செல்பவை. இடையில் ஒரு மலை குறுக்கிட்டால் அதன் பின்னால் உள்ள பள்ளத்தாக்கு நிழலில் விழும். மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத்து மாணவர்களுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை.

மலை அலையைத் தடுப்பதோடு நிற்பதில்லை, தெறிக்கவும் செய்கிறது. நேரே வந்த அலையும், எதிர்மலையில் பட்டுச் சற்றுத் தாமதித்து வந்த அலையும் ஒன்றாகச் சேரும்போது, செய்தி வாசிப்பவருக்குப் பக்கத்தில் அவருடைய நிழல் போல இன்னொருவர் தெரிவார். அதற்காகத்தான் மழையிலும் ஒருவர் கூரையேறி அன்டெனாவைத் திருப்ப, இன்னொருவர் வாசலில் நின்று "கொஞ்சம் இந்தப் பக்கம்" என்று கத்த வேண்டியிருந்தது. இலக்கமுறையில் படமும் ஒலியும் 0, 1 என்ற இலக்கங்களாக மாற்றப்பட்டு, நெருக்கமான பல சிறு அலைகளில் பிரித்து அனுப்பப்படுகின்றன. ஒவ்வொரு தகவல் துண்டுக்கும் முன்னால் ஒரு சிறிய காப்பு நேரம் விடப்படுகிறது. தெறித்து வரும் அலை அந்த நேரத்துக்குள் வந்துவிட்டால் படம் கெடாது. ஆகவே இரட்டைப் படம் மறையும். இதுதான் 'படம் தெளிவாக இருக்கும்' என்பதற்கான காரணம்.

இனி, விடைகளில் அநேகமாக விடுபடும் பகுதி. ஒப்புமை முறையில் சைகை பலவீனமானால் படம் புள்ளி புள்ளியாக மங்கும். ஆனாலும் குரல் கேட்கும், செய்தி விளங்கும். இலக்கமுறையில் குறிப்பிட்ட அளவு சைகை இருந்தால் முழுப் படம். அதற்குக் கீழே போனால் படம் சதுரம் சதுரமாக உடைந்து, உறைந்து, பின் ஒன்றுமே இல்லை. இன்று மங்கலாகவாவது பார்க்கும் வீடு, நாளை கறுப்புத் திரையைப் பார்க்க நேரலாம். நிழல் விழும் பள்ளத்தாக்குகளுக்குச் சிறிய மீள்பரப்பிகள் அமைத்தால்தான் இதைத் தவிர்க்க முடியும். கொழும்பில் 2019 இல் திறந்துவைக்கப்பட்ட, ஏறத்தாழ 350 மீற்றர் உயரமான தாமரைக் கோபுரம் நமது பள்ளத்தாக்குகளுக்கு ஒளிபரப்பைக் கொண்டுவராது.

'அலைவரிசைகள் கூடும்' என்பதற்கு நல்ல உதாரணம் ரூபவாஹினியின் சனல் ஐயும் நேத்ராவும். இவை நீண்ட காலம் ஒரே அலைவரிசையை நேரம் பிரித்துப் பயன்படுத்தின. 2020 இல் கோவிட்-19 காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது சிங்களமொழிப் பாடங்கள் சனல் ஐயிலும் தமிழ்மொழிப் பாடங்கள் நேத்ராவிலும் ஒளிபரப்பாகின. இலக்கமுறையில் ஓர் அலைவரிசையின் இடத்தில் பல நிகழ்ச்சிகளை ஒரே நேரத்தில் அனுப்பலாம். ஒரு மொழி மற்றதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. மிஞ்சும் அலைவரிசைகளைக் கைத்தொலைபேசிச் சேவைக்குக் கொடுக்கலாம்.

இலங்கை 2014 இல் ஜப்பானிய நியமமான ஐ.எஸ்.டி.பி.-ரி முறையைத் தெரிவு செய்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் ஜப்பானியப் பிரதமர் ஷின்சோ அபே இங்கு வந்தபோது கடனுதவிக்கும் இணக்கம் காணப்பட்டது. பின்னர் வேலைகள் இழுபட்டன. 2022 இல் நாடு வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியதும் ஜப்பானியக் கடன் திட்டங்கள் முடங்கின. 2024 ஜூலையில் அவற்றை மீளத் தொடங்குவதாக ஜப்பான் அறிவித்தது. 'இலங்கையில் மாற்றம் நிறைவடைந்துவிட்டது' என்று எழுதாதீர்கள்.

இந்த நியமத்தில் அவசர எச்சரிக்கை வசதியும் உண்டு. அதற்கேற்ற பெட்டி, மின் இணைப்பில் ஓய்வு நிலையில் இருந்தாலும் எச்சரிக்கைச் சைகை கிடைத்ததும் தானாக இயங்கும். 2014 ஒக்டோபர் 29 இல் பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தை, மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் புதைந்ததை நீங்கள் அறிவீர்கள். மண்சரிவுப் பிரதேசத்தில் வாழும் நமக்கு, என் கருத்தில், மற்ற நன்மைகள் எல்லாவற்றிலும் இதுவே பெரியது. ஒரு நிபந்தனை: எச்சரிக்கை தமிழிலும் வர வேண்டும்.

அடுத்து, செலவு. பழைய தொலைக்காட்சிப் பெட்டிக்கு ஒரு மாற்றுப்பெட்டி தேவை. அதை யார் வாங்கிக் கொடுப்பது? அமெரிக்கா 2009 ஜூன் 12 இல் முழுவலு ஒப்புமை ஒளிபரப்பை நிறுத்துமுன், ஒரு வீட்டுக்கு இரண்டு வரை, தலா 40 டொலர் பெறுமதியான கூப்பன்களை வழங்கியது. ஜப்பான் 2011 ஜூலை 24 இல் நிறுத்தியபோதும், பூகம்பத்தால் பாதிக்கப்பட்ட மூன்று மாகாணங்களுக்கு 2012 மார்ச் 31 வரை அவகாசம் கொடுத்தது. இவற்றில் ஒன்றையாவது விடையில் சேருங்கள்.

பயிற்சி வினாக்கள்

1. இலக்கமுறை மாற்றத்தால் மலைப்பாங்கான பிரதேசம் ஒன்று அடையக்கூடிய ஒரு நன்மையையும் ஒரு பாதிப்பையும் காரணத்துடன் விளக்குக.

2. உமது தோட்டத்தில் ஒப்புமை ஒளிபரப்பை நிறுத்துமுன் செய்யவேண்டிய மூன்று ஏற்பாடுகளைக் குறிப்பிட்டு, பிரதேச செயலாளருக்கு ஒரு கடிதம் எழுதுக. (மீள்பரப்பி, மாற்றுப்பெட்டி, தமிழில் எச்சரிக்கை ஆகியவற்றை மறவாதீர்.)