கத்தி வைக்கும் தேதி



தியாகதுருகத்தில் நின்று மேற்கே கல்வராயன் மலையை நினைத்துக்கொண்டு, அந்தச் சரிவில் சிவப்பு ஒயினுக்கான திராட்சை விளையாதா என்று நீ யோசிக்கிறாய் என்றால், முதலில் கையிலிருக்கும் ரகப் பட்டியலை மூடிவை. கேபர்னே சாவின்யோன், மெர்லோ, சிரா, பினோ நுவார் என்று பெயர்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே நிறம் இப்படி, மணம் இப்படி, துவர்ப்பு இவ்வளவு என்று எழுதியிருக்கும். படிக்கிறவருக்கு இந்தக் குணங்கள் எல்லாம் ரகத்தின் பிறவிச் சொத்து என்று தோன்றும். அவற்றில் பாதிக்கு மேல் அந்த ரகம் வளர்ந்த ஊரின் இரவுக்கும் மழைக்கும் சொந்தமானவை. நம்முடைய 12 டிகிரி அட்சரேகைக்குப் பக்கத்தில் குளிர்காலம் என்ற ஒன்று கொடிக்கு வருவதே இல்லை. இங்கே கொடிக்குப் பருவத்தை உண்டாக்குவது கவாத்துக் கத்தி. அதனால் உன் முதல் கேள்வி எந்த ரகம் என்பதாக இருக்கக் கூடாது. எந்த வாரத்தில் கத்தி வைப்பது என்பதாக இருக்க வேண்டும். அதற்கு விடை கிடைத்த பிறகு, அந்தத் தேதிக்கு ஒத்துவருகிற ரகங்கள் தாமாகவே மூன்று நான்காகக் குறைந்துவிடும்.

உலகத்தின் பெயர்பெற்ற திராட்சை நாடுகளைப் பார்த்தாலே இது தெரியும். பினோ நுவாருக்குத் தோல் மெல்லியது, மணிகள் நெருக்கமானவை. பிரான்சின் பர்கண்டியில் மிதமான கோடையில் நிதானமாகப் பழுத்து அது நுட்பமான ஒயினைத் தருகிறது. அதே கொடி வெப்பமான ஊரில் அவசரமாகப் பழுத்து, நிறமும் மணமும் சேருவதற்குள் வெறும் இனிப்பாகிவிடுகிறது. இத்தாலியின் பியமாண்டில் விளையும் நெபியோலோ முன்னதாகத் துளிர்த்துக் கடைசியாகப் பழுக்கும் ரகம். நீண்டு தணிந்த இலையுதிர்காலம் இல்லாத ஊரில் அதன் துவர்ப்பு அடங்காது. தென்மேற்குப் பிரான்சில் பிறந்த மால்பெக், 19ஆம் நூற்றாண்டில் அர்ஜென்டினாவின் மெண்டோசாவுக்குப் போய், ஆண்டீஸ் அடிவாரத்தின் வறண்ட உயரத்தில், பிறந்த ஊரில் கிடைக்காத பெயரை வாங்கியது. சிலி நாட்டில் கார்மெனேர் என்ற ரகத்தை மெர்லோ என்றே நினைத்துத் தலைமுறைகளாக வளர்த்தார்கள். அது வேறு ரகம் என்று 1994இல்தான் கண்டறியப்பட்டது. பெயர் தப்பாக இருந்த அத்தனை ஆண்டுகளும் கொடி அந்த மண்ணில் நன்றாகத்தான் காய்த்தது! மரபுக்குப் பேர்போன போர்தோகூட, வெப்பம் கூடி வருவதால், போர்ச்சுகலின் டூரிகா நாசியோனால் உட்பட நான்கு புதிய சிவப்பு ரகங்களுக்கு 2021இல் சிறிய அளவில் இடம் கொடுத்தது. ஊருக்கு ஏற்ற ரகம் என்பது அங்கேயே மறுபரிசீலனைக்கு வந்திருக்கிறது என்றால், நாம் அவர்களுடைய பழைய பட்டியலைப் பிடித்துத் தொங்குவதில் பொருள் இல்லை.

இரவு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். அநேகமாக எல்லாக் கருந்திராட்சைகளிலும் சாறு வெளுப்புத்தான். சிவப்பு முழுவதும் தோலில் இருக்கிறது. மணி பச்சையிலிருந்து நிறம் மாறத் தொடங்கும் நாளிலிருந்து ஆந்தோசயனின் என்ற நிறமி தோலில் சேருகிறது. பகல் 35 டிகிரியைத் தாண்டினாலும், இரவு வெதுவெதுப்பாகவே கழிந்தாலும், கொடி அந்த நிறமியைக் குறைவாகச் செய்கிறது. செய்ததிலும் ஒரு பங்கு சிதைந்துபோகிறது. புளிப்புக்கும் அதே கதிதான். பழத்திலிருக்கும் மாலிக் அமிலத்தைக் கொடி தன் சுவாசத்துக்குச் செலவிடுகிறது, சூடு ஏற ஏறச் செலவும் ஏறுகிறது. சர்க்கரை மட்டும் எதற்கும் காத்திருக்காது. ஆகவே சூடான ஊரில் இனிப்பு முந்தி வந்துவிட, நிறமும் மணமும் விதையின் முதிர்ச்சியும் பின்தங்கிவிடுகின்றன. பழம் பழுத்துவிட்டது என்று மேலே தெரியும், உள்ளே பாதி வேலை நடந்திருக்காது. இந்த இடைவெளியைக் குறைப்பதுதான் ஒயின் திராட்சை வளர்ப்பின் முழுக் கலையும். மலை உனக்கு இதில் உதவும். 100 மீட்டர் ஏறினால் ஏறத்தாழ 0.65 டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. கள்ளக்குறிச்சிச் சமவெளியைவிட 650 மீட்டர் உயரத்தில் ஒரு வயல் இருந்தால், நான்கு டிகிரி தணிவு இனாமாகக் கிடைக்கிறது. சாமையும் மரவள்ளியும் கடுக்காயும் விளைகிற கல்வராயனின் மேட்டுநிலங்களில் அந்த உயரம் இருக்கிறது.

ஆனால் உயரம் மட்டும் போதாது, நாட்காட்டி குறுக்கே நிற்கிறது. நாசிக்கைப் பார். தென்மேற்குப் பருவமழை விலகியதும் செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ காய்ப்புக் கவாத்து செய்கிறார்கள். அதன்பின் அங்கே வானம் வெளுத்துவிடும். டிசம்பர், ஜனவரி இரவுகள் 10 டிகிரியை ஒட்டி இறங்கும்; பிப்ரவரி, மார்ச்சில் அறுவடை. வறட்சியும் குளிரிரவும் ஒரே நேரத்தில் கைகோத்து வருகின்றன. 2000இல் முதல் ஒயினை வெளியிட்ட சுலா நிறுவனத்தைத் தொடர்ந்து நாசிக் ஒயின் ஊராக மாறியதற்குப் பணமும் விளம்பரமும் எவ்வளவு காரணமோ, அந்த நாட்காட்டியும் அவ்வளவு காரணம். அதே அக்டோபரில் கல்வராயனில் கத்தி வைத்தால் என்ன ஆகும்? வடகிழக்குப் பருவமழை இளந்துளிர் மேலேயே இறங்கும். அடிச்சாம்பல் நோய்க்கு அதைவிட வசதியான விருந்து கிடையாது, பூங்கொத்தே கருகிப்போகும். மழை முழுக்க ஓயட்டும் என்று ஜனவரியில் கவாத்து செய்தால், நிறம் சேர வேண்டிய வாரங்கள் ஏப்ரல், மே வெயிலில் போய் விழும். ஆக, குளிரிரவு வேண்டுமென்றால் மழையையும் சேர்த்து வாங்க வேண்டும், காய்ந்த வானம் வேண்டுமென்றால் வெயிலையும் சேர்த்து வாங்க வேண்டும். நாசிக்கில் ஒன்றாக வரும் இரண்டும் நம் பக்கத்தில் பிரிந்து வருகின்றன. நவம்பர் கடைசிக்கும் டிசம்பர் நடுவுக்கும் இடையில் இரண்டு மூன்று வாரங்கள்தான் நமக்குக் கிடைக்கும் சந்து. அதில் கத்தி வைத்து, கவாத்திலிருந்து 120, 130 நாளில் முடிகிற ரகமாக இருந்தால், ஏப்ரல் முடிவதற்குள்ளாவது கொத்தை இறக்கிவிடலாம். 150 நாளுக்கு மேல் கேட்கும் கேபர்னே சாவின்யோன் இந்தச் சந்துக்குள் நுழையாது. அதன் பெருமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. கேபர்னே பிராங்கும் சாவின்யோன் பிளாங்கும் தற்செயலாகக் கலந்து பிறந்த ரகம் அது என்று 1997இல் மரபணுச் சோதனை காட்டியபோது உலகமே வியந்தது. ஆனால் வியப்பைக் கொண்டு நாட்களைக் குறைக்க முடியாது.

இதற்கு நீ சொல்லக்கூடிய மறுப்பு எனக்குத் தெரியும். பெங்களூருக்கு வடக்கே நந்தி மலையடிவாரத்தில், நமக்கு ஒன்றரை டிகிரி மட்டுமே வடக்கே, குரோவர் குடும்பத்தார் 1988இல் பிரெஞ்சு ரகங்களைப் பயிரிடத் தொடங்கி 1992இல் ஒயின் கொண்டுவந்தார்களே, அங்கே கேபர்னேயும் சிராவும் விளைகின்றனவே என்பாய். உண்மைதான். ஆனால் அது சுமார் 900 மீட்டர் உயரத்தில் பரந்து கிடக்கும் பீடபூமி. வடகிழக்குப் பருவமழை அங்கே போய்ச் சேருவதற்குள் வலு குறைந்துவிடுகிறது. கல்வராயன், வங்கக் கடலிலிருந்து வரும் அந்த மழையைக் கிழக்கு முகத்தில் வாங்கிக்கொள்ளும் மலை. கோமுகி, மணிமுக்தா ஆறுகள் அதன் சாட்சிகள். பிரேசில் நாட்டின் சான் பிரான்சிஸ்கோ ஆற்றுப் பள்ளத்தாக்கு இன்னும் வலுவான எதிர்வாதம். பூமத்திய ரேகைக்கு 9 டிகிரி தெற்கே, பெரிய உயரமும் இல்லாமல், சிரா ரகத்தை ஆண்டில் எந்த மாதத்திலும் அறுவடை செய்கிறார்கள். அவர்களுடைய ரகசியம் வறட்சி. மழை மிகக் குறைவான அந்த நிலத்தில் தண்ணீர் முழுவதும் குழாய் வழியே வருகிறது. குழாயை அடைத்தால் கொடி தூங்கும், திறந்து கவாத்து செய்தால் விழிக்கும். வானத்திலிருந்து தண்ணீர் வருகிற ஊரில் அந்தக் குழாய் உன் கையில் இல்லை.

சரி, தமிழ்நாட்டில் இந்தச் சிக்கலுக்கு யாராவது விடை கண்டிருக்கிறார்களா? கம்பம் பள்ளத்தாக்கில் கண்டிருக்கிறார்கள். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை, உலகம் மஸ்கட் ஹாம்பர்க் என்று அழைக்கும் ரகம். சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டிப் பக்கத்து உழவர்கள் பந்தலில் ஏற்றி, கவாத்துத் தேதியை வயலுக்கு வயல் மாற்றி, இரண்டு ஆண்டில் ஐந்து அறுப்பு வரை எடுக்கிறார்கள். அவ்வளவு விரைவில் முடிகிற ரகம் நம் சந்துக்குள்ளும் நுழையும். பருவத்தைக் கத்தியால் உண்டாக்கும் வித்தை உலகத்தில் வெகு சில ஊர்களுக்கே கைவந்தது. அவற்றில் ஒன்று நமக்கு ஒரு நாள் பயணத்தில் இருக்கிறது. 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் இந்தப் பன்னீர்க் கொடியைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்று சொல்வார்கள். மஸ்கட் ஹாம்பர்க் இங்கிலாந்தின் கண்ணாடிக் கூடங்களில் உருவானதோ 19ஆம் நூற்றாண்டின் நடுவில். இரண்டும் பொருந்தவில்லை; பாதிரியார் கொண்டுவந்தது வேறு கொடியாக இருந்து, இன்றைய ரகம் பின்னால் வந்து அந்த இடத்தைப் பிடித்திருக்கலாம். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு. குளிர் தேசத்தில் கண்ணாடிக்குள் வெதுவெதுப்பை உண்டாக்கி வளர்ப்பதற்கென்றே எடுத்த ரகம் இது. வெதுவெதுப்பு அதற்குப் பிறந்த வீடு. கம்பத்தில் அது ஒட்டிக்கொண்டதற்கு அதிர்ஷ்டத்தைவிட இது நல்ல காரணம்.

பன்னீர் சாப்பாட்டு மேசைப் பழம், ஒயினுக்குக் குலம் போதாது என்று சிலர் சொல்வார்கள். பாதி சரி. அதன் தோலில் துவர்ப்புக் குறைவு, நிறம் கொத்துக்குள்ளேயே ஏற்றத்தாழ்வாக வரும், மஸ்கட் மணம் எல்லாவற்றையும் மூடிவிடும். அதை வைத்துப் பத்தாண்டு காக்கும் கருஞ்சிவப்பு ஒயின் செய்ய முடியும் என்று யாரும் உனக்குச் சொன்னால் நம்பாதே. மீதிப் பாதி, வளர்க்கும் முறையின் குறை. வேளாண் பல்கலைக்கழகக் கையேடு இந்த ரகத்துக்கு ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 30 டன் விளைச்சல் கணக்கிடுகிறது. நல்ல ஒயினுக்கு வளர்ப்பவர்கள் 8, 10 டன்னோடு நிறுத்திக்கொள்வார்கள். முப்பது டன்னுக்குப் பங்குபோட்ட நிறமும் மணமும் எப்படி அடர்த்தியாக இருக்கும்? கொத்தைக் கழித்து ஒரே ஓர் அறுப்புக்கு வளர்த்த பன்னீரிலிருந்து இளஞ்சிவப்பு ஒயினும், இனிப்பு ஒயினும், இளமையிலேயே குடிக்கத்தக்க இலேசான சிவப்பும் வரும். கிரேக்கத்தின் டிர்னவோஸ் பகுதியில் இதே ரகத்தை ஒயினுக்குப் பயன்படுத்துகிறார்கள்.

இதையெல்லாம் விடப் பெரிய மறுப்பு ஒன்று இருக்கிறது. அதைத் தாண்டிப் போக உனக்கும் உரிமை இல்லை, எனக்கும் இல்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்டவர்களின் உயிரைக் குடித்தது. அந்த மாவட்டத்தில் ஒயினைப் பற்றிப் பேசுவதா என்று ஒரு தாய் கேட்டால், அவர் கேட்பது முழுக்க நியாயம். நல்ல மது வந்தால் கள்ளச் சாராயம் ஒழியும் என்று பதில் சொல்லாதே. இறந்தவர்களில் பெரும்பாலோர் கூலிக்காரர்கள். ஒயின் போத்தல் அவர்கள் கைக்கு எட்டுவதும் இல்லை, எட்ட வேண்டியதும் இல்லை. அந்தத் துயரத்தைத் தொழிலுக்கு விளம்பரமாக்குவது கொடுமை. என் பதில் வேறு வகையானது: ஒரு போத்தல்கூட நிரப்பாவிட்டாலும் நிமிர்ந்து நிற்கும் தோட்டத்தை நடு. கேபர்னே பழம் சின்ன மணி, தடித்த தோல், வாயெல்லாம் விதை. ஒயின் ஆலை வாங்காத அன்று அதைச் சந்தையில் யாரும் தொடமாட்டார்கள். பன்னீரைக் கோயம்பேட்டுக்கு ஏற்றலாம், சாறாக்கலாம். நாட்காட்டி எந்த ரகத்தைக் காட்டியதோ, மனசாட்சியும் அதையே காட்டுகிறது.

நிலத்தைப் பற்றியும் ஒரு சொல். மலையில் இருப்பது மலையாளிப் பழங்குடியினரின் புன்செய், அதைச் சுற்றி வனத்துறைக் காடு. சாமை விளையும் வயலைக் குத்தகைக்குப் பிடித்துக் கல்தூண் நட்டு, உரியவரையே கூலிக்கு வைப்பது பழைய ஜாகீர்தார் வழி. அவர்களோடு சேர்ந்து, அவர்கள் பெயரிலேயே, கால் ஏக்கரில் தொடங்கு. அதற்கு முன் ஒரு முழு ஆண்டு, மலைமேல் ஒன்றும் அடிவாரத்தில் ஒன்றுமாக இரண்டு வெப்பமானிகளை வைத்து இரவுத் தணிவை எழுதிவை, மழையையும் எழுது. அந்த நோட்டை எடுத்துக்கொண்டு இராயப்பன்பட்டிக்குப் பக்கத்தில் ஆனைமலையன்பட்டியில் இருக்கும் திராட்சை ஆராய்ச்சி நிலையத்துக்குப் போய்ப் பேசு. நடும்போது பன்னீர் பெரும்பகுதி இருக்கட்டும். பக்கத்தில் சோதனைக்கென்று சில வரிசைகள்: வெப்பம் தாங்கும் சிரா, பெயரிலேயே சீக்கிரம் என்ற பொருளை வைத்திருக்கும் ஸ்பெயினின் டெம்ப்ரனில்லோ, சாறே சிவப்பாக இருக்கும் பூசா நவ்ரங், பெங்களூர் நீலத்தையும் பிளாக் சம்பாவையும் கலந்து ஹெசரகட்டா நிலையம் உருவாக்கிய அர்க்கா ஷியாம். வெப்ப இரவு தோலிலிருந்து திருடும் நிறத்தைச் சாற்றில் நிறமுள்ள பூசா நவ்ரங் ஓரளவு ஈடுகட்டும். பன்னீரோடு கலக்கவும் அது உதவும்.

முதல் காய்ப்பு வரும்போது சர்க்கரைமானியை மட்டும் நம்பாதே. அது 22 பிரிக்ஸ் காட்டும் நாளில் வரிசைக்குப் பத்து மணி பறித்து, தோலை மென்று துப்பி, விதையைக் கடித்துப் பார். விதை பழுப்பேறி மொறுமொறுத்தால் அறு. பச்சையாக, கசந்து நாவில் ஒட்டினால் அந்தத் தேதியையும், கவாத்திலிருந்து எத்தனையாவது நாள் என்பதையும், அந்த வாரத்து இரவு வெப்பத்தையும் நோட்டில் எழுது. அடுத்த ஆண்டு அந்த வரிசையில் பாதிக்குப் பத்து நாள் முன்னதாகக் கத்தி வை. மீதிப் பாதியைப் பழைய தேதியிலேயே விடு.