பிரிந்துபோன தகப்பனுக்கு யார் கஞ்சி வார்ப்பது?



ஒரு குடும்பத்தை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள். தகப்பனார் ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் வேலை செய்தவர். இருபது வருஷங்களுக்கு முன் மனைவி மக்களை விட்டுத் தனியே போய்விட்டார். தாயார் ஷூ கம்பெனியில் தையல் மெஷின் மிதித்துப் பிள்ளைகளை ஆளாக்கினார். இன்று தகப்பனாருக்கு எழுபது வயது. கண் மங்கி, பலம் குன்றி, மகனுடைய வாசலில் வந்து நிற்கிறார். மகன் என்ன செய்யவேண்டும்?

இது எங்கோ நடக்கும் சங்கதி என்று தள்ளிவிடாதீர்கள். 2011-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கைச் சூரஜ் ஜேக்கப், ஸ்ரீபர்ணா சட்டோபாத்யாய் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர் ஆராய்ந்து, 2016-ல் கட்டுரை வெளியிட்டார்கள். இந்தியாவில் விவாகரத்து ஆனவர்கள் சுமார் 13.6 லட்சம் பேர். விவாகரத்து இல்லாமலே பிரிந்து வாழ்கிறவர்களோ அதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு! கோர்ட்டுப் படியேறாமலே உடைந்துபோன வீடுகள்தான் நம் நாட்டில் அதிகம்.

இவர்கள் முதுமை அடையும்போது என்ன ஆகும்? அமெரிக்காவில் ஐம்பது வயதைக் கடந்தவர்களின் விவாகரத்து விகிதம் 1990-க்கும் 2010-க்கும் நடுவே இரட்டித்தது என்று சூசன் பிரவுன், ஐ-ஃபென் லின் என்பவர்கள் 2012-ல் எடுத்துக்காட்டினார்கள். பிரிந்துபோன தாயைவிடத் தகப்பனுக்கே பிள்ளைகளின் உதவி குறைவாகக் கிடைக்கிறது என்றும் அந்நாட்டு ஆராய்ச்சிகள் சொல்கின்றன. இதில் ஆச்சரியம் என்ன? பாசம் நாள்தோறும் தண்ணீர் ஊற்றி வளர்க்கும் செடி அல்லவா?

ஆனால் பாசம் வாடினாலும் கடமை வாடுவதில்லை. நான்காம் கற்பனை, நல்ல பெற்றோரை மட்டும் சங்கித்திருக்கும்படி கட்டளையிடவில்லை. தாய் தந்தைக்குரியதைக் காணிக்கை என்று சொல்லித் தட்டிக்கழித்தவர்களைச் சேசுநாதர் கண்டித்ததை மாற்கு சுவிசேஷம் ஏழாம் அதிகாரத்தில் காணலாம். அவர்களுக்குக் காணிக்கை சாக்காயிற்று; நமக்குப் பழைய கோபம் சாக்காகக் கூடாது.

தேசத்தின் சட்டமும் அப்படியே. தங்களைத் தாங்களே பராமரித்துக்கொள்ள முடியாத பெற்றோர், 2007-ம் வருஷத்துச் சட்டத்தின்படி வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனுச் செய்து, பிள்ளைகளிடமிருந்து மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் பெறலாம். வசதியுள்ள மகளுக்கு மணமாகியிருந்தாலும் பெற்றோரைத் தாங்கும் கடமை அவளுக்கும் உண்டு என்று சுப்ரீம் கோர்ட்டு 1987-லேயே தீர்ப்பளித்தது.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் அவசியம். முதலாவது, சோறு போடுவது வேறு, நடந்ததை நியாயமென்று சொல்வது வேறு. அடித்து உதைத்த மனிதரைத் தாயார் இருக்கும் வீட்டிலேயே கொண்டுவந்து வைக்கவேண்டும் என்பதில்லை. ஆபத்து விளைவிக்கும் துணையை விட்டுப் பிரிந்திருக்கத் திருச்சபையே இடம் கொடுக்கிறது. வேறிடத்தில் வாடகைக்கு அறை பார்த்து, வேளைக்குக் கஞ்சியும் மருந்தும் கொடுத்தாலும் கடமை நிறைவேறும். "நீதானே கட்டிக்கொண்டவள், நீயே பார்" என்று தாயாரை நெருக்குவது பாவம்.

இரண்டாவது, பாரத்தை ஒரே தோளில் ஏற்றாதீர்கள். சாதாரணமாக நடப்பதென்ன? அண்ணன் தம்பிகள் கூடிப் பேசுவார்கள். முடிவில் ஒரு மகளோ மருமகளோ வேலையை விட்டுவிட்டுப் படுக்கையருகே உட்காருவாள். அவளுடைய சம்பளம் போவதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. பணம் கொடுப்பவர் பணம் கொடுக்கட்டும். ஞாயிறு ஓய்வுள்ளவர் ஞாயிற்றுக்கிழமை பார்க்கட்டும். பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து பங்கைக் காகிதத்தில் எழுதிக்கொள்வது நல்லது.

வாசலில் நிற்கும் அந்த முதியவருக்கு மகன் முதலில் ஒரு நாற்காலியும் ஒரு செம்புத் தண்ணீரும் கொடுக்கட்டும். மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம். கதவுக்குப் பின்னால் அவன் குழந்தைகள் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். முதிர்ந்தவரை எப்படி நடத்துவது என்னும் பாடத்தை அவர்கள் அன்றே படித்துவிடுகிறார்கள்.