டியூபுலின் என்னும் புரதக் குடும்பம்

‘ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்பர் பெரியோர். நம் உடலைப் பொறுத்தவரை இப்பழமொழி பாதி உண்மையே. ஏறத்தாழ எல்லா உயிரணுக்களிலும் ஒரே ஜீன் தொகுப்புத்தான் இருக்கிறது. புரதங்களை ஆக்கும் ஜீன்கள் மனிதருக்குச் சுமார் 20,000 உண்டு. ஆனால் மூளையின் உயிரணு பயன்படுத்தும் ஜீன்கள் எல்லாவற்றையும் ஈரலின் உயிரணு பயன்படுத்துவதில்லை. ஒரே பாடநூல் எல்லார் கையிலும் இருந்தும், ஒவ்வொரு வகுப்பும் தனக்குரிய பாடத்தை மட்டும் படிப்பதைப் போன்றது இது. இவ்வேற்றுமையால் விளையும் பயன் யாது? பாலூட்டிகளின் டியூபுலின் ஜீன்களைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

டியூபுலின் என்பது யாது?

நம் உயிரணுக்களுக்குள் மிக மெல்லிய நுண்குழல்கள் உள்ளன. இவற்றின் வெளிவிட்டம் ஏறத்தாழ 25 நானோமீட்டர். அதாவது, ஒரு மில்லிமீட்டர் அகலத்தில் 40,000 குழல்களை அடுக்கலாம்! ஆல்ஃபா டியூபுலின், பீட்டா டியூபுலின் என்னும் இரு புரதங்கள் இணைந்த இணையே இக்குழலின் செங்கல். இச்செங்கற்கள் வரிசையாக நின்று, பெரும்பாலும் 13 வரிசைகள் வட்டமாகச் சேர்ந்து ஒரு குழலாகின்றன.

இவற்றின் பணிகள் பல. உயிரணு இரண்டாகும்போது குரோமோசோம்களைப் பிரித்து இரு பக்கமும் சேர்ப்பவை இவையே. முதுகுத்தண்டிலிருந்து கால் விரல் நோக்கிச் செல்லும் நீண்ட நரம்பிழையில், பொருள்கள் செல்லும் தண்டவாளமும் இவையே. மூச்சுக்குழாயில் தூசியை வெளியே தள்ளும் குற்றிழைகளின் உள்தண்டும் இவையே.

கண்டுபிடித்த வரலாறு

இப்புரதத்தைக் காட்டிக்கொடுத்தது ஒரு நஞ்சு. அதன் பெயர் கால்சிசின். நம் தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் இந்நஞ்சு உண்டு. கண்வலிக்கிழங்கு என நாம் அஞ்சி ஒதுக்குவது அதனையே. உயிரணு பிரிவதைக் கால்சிசின் தடுக்கும் என்பது முன்னரே தெரிந்திருந்தது. அது எதைப் பற்றிக்கொள்கிறது என்று தேடிய போரிசி, டெய்லர் என்னும் அமெரிக்க அறிஞர்கள், நுண்குழல்களின் புரதமே அது என 1967-இல் காட்டினர். ஜப்பானிய அறிஞர் மோரி 1968-இல் அதற்கு டியூபுலின் என்று பெயரிட்டார்.

ஒரு குடும்பம், பல உறுப்பினர்

டியூபுலினுக்கு ஒரு ஜீன் போதாதா? பாலூட்டிகளில் ஆல்ஃபா வகைக்கும் பல ஜீன்கள், பீட்டா வகைக்கும் பல ஜீன்கள் உள்ளன. 1980-களில் நியூயார்க்கில் கோவன் என்பவரும் அவருடைய துணைவர்களும் சுண்டெலியின் டியூபுலின் ஜீன்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து ஆராய்ந்தனர்.

பீட்டா டியூபுலினில் ஏறத்தாழ 450 அமினோ அமிலங்கள் கோத்த மாலை போல் உள்ளன. உடன்பிறந்த வகைகளிடையே இம்மாலை பெரும்பாலும் ஒன்றே. கடைசிப் பதினைந்து இருபது மணிகளில்தான் வேற்றுமை மிகுதி. ஒரே நெசவும் நிறமும் கொண்ட புடவைகளை முந்தானையைப் பார்த்து இனங்காண்பது போல, டியூபுலினின் வகையையும் அதன் நுனியைப் பார்த்து இனங்காணலாம். சுண்டெலியின் ஒரு வகைக்கு உள்ள நுனியே மனிதரில் அதற்கு நேரான வகைக்கும் பெரும்பாலும் மாறாமல் இருக்கிறது.

எவ்வகை எங்கே விளங்குகிறது? பீட்டா முதல் வகை உடலெங்கும் உண்டு. இரண்டாம் வகை மூளையில் மிகுதி. மூன்றாம் வகை பெரும்பாலும் நரம்பணுக்களுக்கே உரியது. நான்காம் வகையின் ஒரு பிரிவு குற்றிழைகளில் இடம்பெறுகிறது. ஆறாம் வகை, இரத்தத் தட்டுகளிலும் அவற்றை ஈன்றெடுக்கும் எலும்பு மச்சை அணுக்களிலும் காணப்படுகிறது.

வேற்றுமை வீணா?

வெவ்வேறு வகைகள் வெவ்வேறு குழல்களை அமைக்கும் என்று சிலர் கருதினர். ஆனால் 1987-இல் கோவன் குழுவினர் நோக்கியபோது, ஓர் உயிரணுவில் உள்ள வகைகள் யாவும் ஒரே குழலில் தாராளமாகக் கலந்திருந்தன. அப்படியானால் வேற்றுமை வெறும் அலங்காரந்தானா?

2001-இல் ஒரு விடை கிடைத்தது. இரத்தத் தட்டுக்குரிய அந்த ஆறாம் வகை இல்லாத சுண்டெலிகளை வளர்த்தபோது, தட்டுகளின் எண்ணிக்கை பாதிக்கும் கீழாகக் குறைந்தது. தட்டையாக இருக்க வேண்டியவை உருண்டையாயின. காயத்தில் இரத்தம் நிற்க நெடுநேரம் ஆயிற்று. உடன்பிறந்த வகைகளால் அவ்விடத்தை முழுதும் நிரப்ப முடியவில்லை.

நரம்புக்குரிய மூன்றாம் வகையின் கதை வேறு. அது அறவே இல்லாத சுண்டெலிகள் இயல்பாகவே வளர்ந்தன என்று 2018-இல் கண்டனர். ஆயினும் அறுபட்ட நரம்பு மீண்டும் வளரத் தாமதமாயிற்று. அதே வகை இல்லாமற்போகாமல், ஓர் அமினோ அமிலம் மட்டும் மாறிப் பிழைபட்டால், மனிதரில் கண்ணை அசைக்கும் நரம்புகள் சரியாக அமையாமல், இமை தாழ்ந்து, பார்வையைத் திருப்ப இயலாத பிறவிக்குறை உண்டாகலாம் என்பது 2010-இல் வெளியாயிற்று. அவ்வாறே, ஆல்ஃபா வகையின் ஒரு ஜீனில் நேரும் பிழையால் குழந்தையின் மூளை மடிப்புகளின்றி வழவழப்பாக அமையலாம் என்பதை 2007-இல் கண்டனர்.

இல்லாமையைவிடப் பிழை கொடிதாவது ஏன்? வராத ஒருவரின் வேலையை மற்றவர் பகிர்ந்து செய்யலாம். ஆனால் எல்லா வகைகளும் ஒரே குழலில் கலப்பதால், பழுதுற்ற செங்கல் சுவர் முழுவதிலும் புகுந்துவிடுகிறது. 1987-இல் வியப்பூட்டிய அக்கலப்பே இன்று இந்நோய்களை நமக்கு விளக்குகிறது.

மருத்துவத்தில் இதன் பயன்

நம் வீட்டு முற்றத்தில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து வின்கிரிஸ்டின் என்னும் மருந்து கிடைக்கிறது. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு இது தரப்படுகிறது. டியூபுலினைப் பற்றிக்கொண்டு, பெருகும் புற்றணுக்களை இது தடுக்கிறது. ஆனால் நரம்பிலும் டியூபுலின் உண்டல்லவா? ஆகவே கைகால் மரத்துப்போதல், நடை தளர்தல் போன்ற துன்பங்களும் உடன் வருகின்றன. உடன்பிறந்தோருள் இன்னாரை மட்டும் தொடு, இன்னாரை விடு என்று மருந்துக்குக் கற்பிக்க முடிந்தால், எத்தனையோ குழந்தைகளின் வேதனை குறையும்.

ஆகவே, பாடநூலில் ‘ஜீன் குடும்பம்’ என்ற சொல்லைக் காணும்போது, ஒன்றுபோல் தோன்றுவன எல்லாம் ஒன்றல்ல என்பதை நினைவிற் கொள்வோம். மாலையின் நுனியில் உள்ள சில மணிகளை அறிஞர்கள் பொறுமையாக எண்ணிப் பார்த்ததால் இவ்வளவும் தெரிந்தது. எஞ்சியிருக்கும் வினாக்களுக்கு விடை காண்போர் நம் மாணவியரிடையேயும் தோன்றலாம்.